எங்கள் சங்கத்தின் நேர்மையான கம்பி

தகவல் தொடர்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தந்தி, தொலைபேசி, செயற்கைக்கோள் என்று சொல்லிக்கொண்டே வந்து அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாலக்கோட்டிலிருந்து வெளியே போகும் சாலையில், பஞ்சர் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகையில், செங்கனித் தக்காளி விவசாயிகள் முன்னேற்ற நலச் சங்கம் நடத்திய புரட்சியை ஒருவரும் குறிப்பிடுவதில்லை. இது அறியாமையா, பொறாமையா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் சங்கத்தின் எழுத்தர் மட்டும்தான். பெயர் வீரமணி. வரலாறு நடந்தபோது அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்.

புரட்சிக்கு முன்பு எங்கள் சங்கத்தில் எடை போடும் முறை மிகவும் பிற்போக்கானதாக இருந்தது. விவசாயி தக்காளிப் பெட்டியைத் தராசின் மேல் வைப்பார். தராசில் சிவப்பு எண்கள் எரியும். அதை அவரும் பார்ப்பார், நானும் பார்ப்பேன். இருவர் கண்ணுக்கும் ஒரே எண்தான் தெரியும். ஒரு வளரும் நாட்டில் எடை என்பது இவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிடலாமா?

கூடாது என்று முடிவு செய்தவர் எங்கள் தலைவர் நஞ்சப்பன் அவர்கள். தொலைநோக்குப் பார்வை உடையவர். பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒருமுறை ஓசூரில் சம்பந்தி வீட்டுக்குப் போனவர், அங்கே ஏதோ ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் நிர்வாகக் குழுவைக் கூட்டினார்.

"அங்க ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, வெளிய என்ன ஏறுது என்ன எறங்குதுன்னு டிவியில பாக்கறான். நான் ஒரு சங்கத்துக்குத் தலைவன். நான் எதுக்கு வெயில்ல வந்து எடையப் பாக்கணும்?"

அவர் ஒருநாளும் வெயிலில் வந்து எடையைப் பார்த்ததில்லை என்பதை யாரும் நினைவூட்டவில்லை. நிர்வாகக் குழுவின் ஒற்றுமை அத்தகையது.

இப்படித்தான் 'ஒருங்கிணைந்த எடைத் தகவல் பரிமாற்றப் பெருந்திட்டம்' பிறந்தது. நடைமுறையில் சொன்னால், இரண்டு ஒயர். தராசிலிருந்து என் மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒன்று. என் மேசையிலிருந்து தலைவர் அறையில் இருக்கும் பெரிய டிவிக்கு இன்னொன்று. தராசில் பெட்டி வைத்தால் எடை முதல் ஒயரில் ஓடி என்னிடம் வரும். இரண்டாம் ஒயரில் ஓடித் தலைவரிடம் போகும். தலைவர் பார்த்த பிறகுதான் அது எடை. அதுவரை அது வெறும் கனம்.

ஒயர் வேலைக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அருள்ராணி அம்மாவை வரவழைத்தோம். தோள்பையில் கட்டிங் பிளேயரும் ஈயம் பற்றவைக்கும் கோலுமாக வந்தார். கலகலப்பான பெண். அவர் இரண்டு நிமிடம் பேசுவார், நாங்கள் இரண்டு மணி நேரம் விவாதிப்போம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

"இந்தத் தராசுல பேசறதுக்கு ஒரு கம்பி, கேக்கறதுக்கு ஒரு கம்பி இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். "கம்ப்யூட்டர்லயும் அப்பிடித்தான். தராசு பேசற கம்பி, கம்ப்யூட்டர் கேக்கற கம்பியில போய்ச் சேரணும். நீங்க கடையில வாங்கி வெச்சிருக்கற ஒயர்ல பேசறது பேசறதோடவே சேருது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. யாரு காதுலயும் விழாது."

இதில் என்ன குறை என்று நிர்வாகக் குழுவுக்கு விளங்கவில்லை. எங்கள் கூட்டங்கள் எல்லாம் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கின்றன.

"அதனால அந்த ரெண்டு கம்பிய மட்டும் குறுக்கால மாத்திப் பத்த வெச்சிடறேங்க" என்றார் அருள்ராணி.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னாம்மா சொன்ன?"

"குறுக்கால மாத்தணும்ங்க."

"இந்தச் சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து குறுக்கு வழியில போனதில்ல. கம்பியா இருந்தாலும் நேர்மையா இருக்கணும்."

குழுவினர் கைதட்டினார்கள். அருள்ராணி அம்மா கைதட்டவில்லை. ஆனால் எதிர்த்தும் பேசவில்லை. கூலி வேலைக்குத்தானே தவிர, வெற்றிக்கு இல்லை என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

"சரிங்க, அது அப்பறம் பாக்கலாம். ரெண்டாவது ஒயரு. இதுக்குள்ள எட்டுக் கம்பி, எட்டு நெறம். முனையில பிளக்கு மாட்டறதுக்கு ரெண்டு வரிசை வழக்கத்துல இருக்குது. ஒண்ணு ஆரஞ்சுல ஆரம்பிக்கும், ஒண்ணு பச்சையில ஆரம்பிக்கும். உங்களுக்கு எது வேணுமோ அதப் போட்டுக்கலாம். ஆனா ரெண்டு முனையிலயும் ஒண்ணாட்டம் இருக்கணும்."

'உங்களுக்கு எது வேணுமோ அது' என்ற சொற்களை ஒரு நிர்வாகக் குழுவின் முன்னால் உச்சரிக்கக் கூடாது. துணைத் தலைவர் மதலைமுத்து எழுந்துவிட்டார். இவர் தலைவர் பதவிக்கு இரண்டு தேர்தலாக நின்று, இரண்டிலும் சங்கத்தின் நலன் கருதித் தோற்றவர்.

"நாம யாருங்க? விவசாயி. விவசாயின்னா பச்சை. பச்சையில ஆரம்பிக்கறதுதான் மரியாதை."

"பச்சைக் காய சங்கம் வாங்கறதில்ல" என்றார் தலைவர். "செவக்கறதுக்கு முந்தின நெறம் எது? ஆரஞ்சு. அந்தப் பதத்துலதான் சரக்கு இங்க வருது. ஆரஞ்சுதான் முதல்ல."

"அப்ப பச்சைக்கு எத்தனையாவது இடம்?"

"மூணாவதுங்க" என்றார் அருள்ராணி, அறியாமையால்.

மூன்றாவது இடம் என்றதும் மதலைமுத்து தரப்பினர் வெளிநடப்பு செய்தார்கள். வெளியே வெயில் அதிகம் என்பதால் உடனே திரும்பியும் வந்தார்கள். டீ வந்தது. மறுபடி டீ வந்தது. கடைசியில் இரு தரப்பும் விட்டுக்கொடுத்து, ஜனநாயகத்துக்குப் பெருமை சேர்க்கும் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. என் கையால்தான் எழுதினேன்: 'முதலாம் கம்பி எவ்விதக் குறுக்கீடும் இன்றி நேராகவே இருக்கும். இரண்டாம் கம்பியின் தலைவர் அறை முனை ஆரஞ்சிலும், மறுமுனை பச்சையிலும் தொடங்கும்.'

தீர்மானத்தை வாசித்ததும் அருள்ராணி அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

"அப்ப நேரா இருக்கக் கூடாதது நேரா இருக்கும், நேரா இருக்க வேண்டியது குறுக்க இருக்கும். ரெண்டும் வேலை செய்யாதுங்களே. புது சாமானா இருந்தா ரெண்டாவது ஒயர அதுவே சரி பண்ணிக்கும். உங்களுது எல்லாமே பழசு."

"வேலை செய்யுதா இல்லையாங்கறத பொதுக்குழு முடிவு பண்ணும்" என்றார் தலைவர்.

அருள்ராணி அம்மா தீர்மானப்படியே ஒயர்களைத் தயார் செய்து, சுவரோரமாக அழகாக ஆணி அடித்து மாட்டிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்தது. ஒயரின் அழகைக் கெடுப்பது அதை உபயோகிப்பதுதான்.

தொடக்க விழாவுக்கு நல்ல நாள் பார்த்தோம். கொட்டகைக்கு முன்னால் பந்தல். பந்தலுக்குள் உறை போட்ட நாற்காலிகள். பெரிய டிவியை அன்று மட்டும் தலைவர் அறையிலிருந்து தூக்கிவந்து பந்தலில் எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தினோம். மாவட்டத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி தலைமை விருந்தினராக வர ஒப்புக்கொண்டிருந்தார். அன்று முதல் கையால் சீட்டு எழுதுவது அடியோடு ஒழிக்கப்படுகிறது என்று தலைவர் முந்தைய நாளே அறிவித்திருந்தார். ஒலிபெருக்கியில் அறிவித்ததால் அதை மாற்ற முடியாது.

காலையில் முதல் பெட்டியோடு வந்தவர் தீர்த்தம்மாள். வத்தல்மலை அடிவாரத்தில் தோட்டம். போன இரண்டு பறிப்பிலும் செடியில் இலை சுருண்டு காய் சொத்தையாகிவிட்டது. இதுதான் அந்தப் பருவத்தில் அவர் கண்ட முதல் நல்ல காய். மருமகளோடு சேர்ந்து இருட்டிலேயே பறித்து, குட்டியானை வண்டி பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய பெட்டிகளோடு வந்திருந்தார். சென்னைக்குப் போகும் லாரி மதியம் கிளம்பிவிடும். அதற்குள் எடை போட்டு ஏற்றியாக வேண்டும். அவருக்குப் பின்னால் சாலை வரைக்கும் வரிசை.

பெட்டியைத் தராசில் வைத்தார்கள். சிவப்பு எண்கள் எரிந்தன. என் கம்ப்யூட்டரில் எடைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. டிவியில் சங்கத்தின் சின்னம் மட்டும் தெரிந்தது. சின்னத்தில் இரு கைகள் ஒரு தக்காளியைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

"எறக்கட்டுங்களா?" என்றார் தீர்த்தம்மாள்.

"எடை இன்னும் வரலைங்க" என்றேன்.

"இதோ நிக்குதே, கண்ணுக்கு முன்னால."

"அது தெரியுதுங்க. வரல."

"தெரியறதுக்கும் வர்றதுக்கும் என்னாங்க வித்தியாசம்?"

கேட்டது தத்துவக் கேள்வி. நான் தலைவரைப் பார்த்தேன். அவர் அதை மதலைமுத்துவிடம் தள்ளினார். மதலைமுத்து ஆரஞ்சு முனையைச் சந்தேகமாகப் பார்த்தார். உடனடியாக 'கம்பி ஆய்வுத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. துணைக்குழு ஒயரைத் தடவிப் பார்த்தது. ஒயர் சூடாக இல்லை என்று முதல் அறிக்கை கொடுத்தது. ஒருவர் தராசைத் தட்டினார். ஒருவர் கம்ப்யூட்டரை நிறுத்திப் போடச் சொன்னார். நிறுத்திப் போட்டேன். இன்னொருவர் ஒயருக்கு எலுமிச்சம்பழம் சுற்றலாம் என்றார். அது மட்டும் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கொட்டகைக்கு வெளியே நிழல் என்று இருந்தது பந்தல் ஒன்றுதான். அது நாற்காலிகளுக்காகப் போடப்பட்டது. தக்காளி வெளியே நின்றது.

தீர்த்தம்மாள் அடிப்பெட்டியில் கையை விட்டுப் பார்த்தார். எடுத்தபோது விரல் ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல், மருமகளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பந்தலில் முதல் வரிசை நாற்காலியில் வைத்தார். அடுத்ததை அடுத்த நாற்காலியில். வரிசையில் நின்றவர்களும் பார்த்துவிட்டுத் தங்கள் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்கத் தக்காளி உட்கார்ந்திருந்தது.

தலைவர் ஓடிவந்தார்.

"அது தலைமை விருந்தினர் நாற்காலிங்க."

"அவரு வந்தா எறக்கிடறேன்" என்றார் தீர்த்தம்மாள். "அவரு கொஞ்ச நேரம் வெயில்ல நின்னா அழுகிப் போயிட மாட்டாரு."

"இப்பிடிப் பேசினா எப்பிடிங்க? ஊருக்காகத்தான இவ்வளவு செலவு பண்ணி ஒயர் போட்டிருக்கோம்."

"நீங்க போடுங்க, வேணாங்கல. இன்னைக்கு மட்டும் சீட்டு எழுதிக் குடுத்துடுங்க. எடை அதோ தெரியுது. இந்தத் தம்பிக்கு எழுதத் தெரியும்."

நான் என் பேனாவைப் பார்த்தேன். சட்டைப் பையில் இருந்தது. மூடி கூடக் கழன்றுதான் இருந்தது.

தலைவர் குரலைத் தாழ்த்தி, பொறுமையாக விளக்கினார். "எழுதிக் குடுத்தா, அப்பறம் எதுக்கு விழா? வர்ற அதிகாரி என்ன நெனப்பாரு? கொஞ்சம் பொறுத்துக்கங்க. உங்க காலத்துல இல்லாட்டியும் உங்க புள்ளைங்க காலத்துல இது பயன்படும்."

"எம் புள்ளைங்க காலம் வரைக்கும் தக்காளி தாங்காதுங்க" என்றார் தீர்த்தம்மாள்.

அவர் சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனார். அங்கே மாதையன் என்ற தனியார் வியாபாரி மண்டி வைத்திருக்கிறார். சொந்தமாக லாரியும் உண்டு. தகவல் பரிமாற்றம் எதுவும் தெரியாதவர். புளியமரக் கிளையில் கொக்கித் தராசு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பெட்டியை மாட்டி, முள்ளைப் பார்த்து, எடையை உரக்கச் சொல்வார். அவ்வளவுதான். எங்கள் சங்கம் தொடங்கப்பட்டதே இவரைப் போன்றவர்களிடமிருந்து விவசாயிகளைக் காப்பாற்றத்தான்.

நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. மாதையன் எங்கள் பந்தலையும் தக்காளி நாற்காலிகளையும் நன்றாகப் பார்த்து வைத்திருந்தார். காலை விலையை மறந்துவிட்டு வேறு விலை சொன்னார்.

"அந்த வெலையில எனக்கு மட்டும் நட்டம்னா பரவாயில்ல" என்றார் தீர்த்தம்மாள். "நான் குடுத்துட்டுப் போயிடுவேன். ஆனா அங்க வரிசையில நிக்கறவங்க எல்லாரும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு என்ன போடறியோ அதுதான் எல்லாருக்கும். ஒழுங்கா போட்டா இவ்வளவு சரக்கும் உன் லாரியில ஏறும். இல்லாட்டி நாங்க அத்தனை பேரும் வண்டியத் திருப்பிக்கிட்டு தருமபுரி சந்தைக்குப் போறோம்."

மாதையன் லாரியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். விலையில் கொஞ்சம் ஏறி வந்தார். காலை விலை இல்லை. ஆனாலும் குப்பையில் கொட்டும் விலையும் இல்லை. தீர்த்தம்மாள் எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். பந்தலில் உட்கார்ந்திருந்த தக்காளிகள் எல்லாம் எழுந்து சாலையைக் கடந்தன.

அவருடைய அடிப்பெட்டி இரண்டு மட்டும் எடுபடவில்லை. புளியமர நிழலில் குந்தி உட்கார்ந்து, வெடித்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கினார். ஒதுக்கியதைத் தூர எறியவும் மனசு வராமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மருமகள் வந்து, "விடுங்க அத்தை" என்ற பிறகுதான் எழுந்தார்.

சங்க வளாகம் காலியானது. எதிர்ப்பே இல்லாத அமைதி. எந்த நிர்வாகமும் விரும்பக்கூடிய நிலை. ஆனால் அந்த நேரம் பார்த்து, தலைமை விருந்தினர் இன்னொரு விழாவில் குத்துவிளக்கு ஏற்றி முடித்துவிட்டார், கிளம்பிவிட்டார் என்று போன் வந்தது. தலைவர் வெறும் டிவியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, தானே போனை எடுத்து அருள்ராணி அம்மாவை அழைத்தார்.

அந்த அம்மா வந்து இறங்கியதும் முதலில் கேட்டது, "தீர்மானம் இருக்குதுங்களே, நான் எப்பிடி அதுல கை வெக்கறது?"

"தீர்மானம் கெடக்குதும்மா. செய்யி."

"குறுக்கால மாத்தட்டுங்களா?"

தலைவர் தயங்கினார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா. பிறகு என்னைக் கூப்பிட்டு, "வீரமணி, குறுக்குங்கற வார்த்த வராம ஒரு பேரு சொல்லு" என்றார்.

'பரஸ்பரப் புரிந்துணர்வு இணைப்பு' என்று சொன்னேன். தலைவர் முகம் மலர்ந்தது. மதலைமுத்துவிடம் இரண்டாம் ஒயரின் பச்சை முனையை வெட்டப்போவதாகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அவர் சாப்பாட்டுப் பந்தியை மேற்பார்வையிடப் போன சமயம் பார்த்து வெட்டினோம்.

அருள்ராணி அம்மா கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் ஒயரின் மூடியைத் திருகிக் கழற்றி, இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தார். இரண்டாம் ஒயரின் முனையை நறுக்கி, எட்டுக் கம்பியையும் ஆரஞ்சிலிருந்து வரிசைப்படுத்தி, புது பிளக்கில் நுழைத்து, ஒரு அழுத்து அழுத்தினார். நான் டீ குடித்து முடிக்கும் முன்பே வேலை முடிந்துவிட்டது. தராசின் மேல் தன் தோள்பையைத் தூக்கி வைத்தார். பையின் எடை என் கம்ப்யூட்டரில் வந்தது, டிவியிலும் வந்தது. நிர்வாகக் குழு எழுந்து நின்று பையை வணங்கியது.

விருந்தினரின் கார் வந்து நின்றபோது எல்லாம் தயார். பந்தல், மாலை, டிவி, தராசு. தக்காளிதான் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் லாரி தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தது.

விவசாயிகள் மட்டும் திரும்பி வந்திருந்தார்கள். காலிப் பெட்டிகள் சங்கத்துக்குச் சொந்தம். ஒப்படைக்காவிட்டால் அடுத்த பறிப்புக்குக் கிடைக்காது. தவிர, கேசரியும் எலுமிச்சைச் சாதமும் இருந்தன. பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு அப்படியே பந்தலில் உட்கார்ந்தார்கள். தீர்த்தம்மாள், காலையில் தன் பெட்டி இருந்த அதே முதல் வரிசையில்.

"எங்கே, எடை போட்டுக் காட்டுங்க" என்றார் விருந்தினர், நல்ல மனிதர்.

இது போன்ற நொடியில்தான் தலைமைப் பண்பு என்பது வெளிப்படும். தலைவர் நஞ்சப்பன் அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தானே தராசின் மேல் ஏறி நின்றார்.

பலத்த கைதட்டல். டிவியில் எடை வந்தது. நல்ல எடை. கொண்டுவந்தவர் பெயர் என்று கம்ப்யூட்டர் கேட்டது. நஞ்சப்பன் என்று அடித்தேன். சரக்கு என்று கேட்டது. தக்காளியைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது, அதனால் தக்காளி என்றே போட்டுக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள், தலைவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்து, தரம் என்று கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று; எண் ஏற ஏற விலை இறங்கும். அதை நிரப்பாமல் சீட்டு அச்சாகாது.

"தரம் என்னங்க போடட்டும்?" என்று கேட்டேன்.

"இதுல என்ன கேள்வி? முதல் தரம்" என்றார் தலைவர், தராசின் மேலிருந்து.

நான் அடித்தேன். டிவியில் பெரிய எழுத்தில் வந்தது: 'நஞ்சப்பன். தக்காளி. இரண்டாம் தரம்.'

சிரிப்பு நின்றது. தலைவர் கழுத்தைத் திருப்பி டிவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னய்யா போட்டிருக்க?"

"வழக்கப்படிதாங்க" என்றேன். "சரக்கு கொண்டாரவங்க முதல் தரம்னு சொன்னா ரெண்டாவது போடுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

என்மேல் எந்தக் குற்றமும் இல்லை. சங்கத்தின் நிரந்தர உத்தரவுகளில் அதுதான் மிகப் பழையது. எடையை விவசாயி முன்னால் பார்ப்பேன். சீட்டை உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு தரத்தை நிரப்புவேன். யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை. தலைவருக்கு மட்டும் காட்டலாமா?

முதல் வரிசையிலிருந்து தீர்த்தம்மாள் எழுந்தார்.

"நாங்க ரெண்டாவது தரம்னு சொன்னா, தம்பி?"

"மூணாவது போடுவேங்க."

"மூணாவதுன்னு சொன்னா?"

"அப்பிடி யாரும் சொன்னதில்லைங்க. கீழ வேற தரம் இல்லாததால, அந்த நெலம வந்தா குழுவக் கூட்டணும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். போன பருவம், அதற்கு முந்திய பருவம் என்று ஒவ்வொரு பெட்டியாக மனசுக்குள் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் போல. அப்புறம் திரும்பி, பந்தலில் இருந்தவர்களைப் பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னார்.

"இந்த டிவி இங்கயே நிக்கட்டும். உள்ள போகக் கூடாது. தரம் இதுல வரட்டும், நாம பாக்கறோம். வந்தா நாளைக்கு எம் பெட்டி இங்க வரும். இல்லாட்டி அந்தப் புளியமரத்துக்குப் போகும்."

பந்தலில் எல்லாரும் ஆமாம் என்றார்கள். விருந்தினர் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சீட்டு ஒன்று தனக்கு வேண்டும் என்றார். அச்சடித்துக் கொடுத்தேன். தலைவர் இன்னும் தராசிலிருந்து இறங்கவில்லை. இறங்கச் சொல்ல வேண்டியது யார் என்று தீர்மானத்தில் இல்லை.

மறுநாள் காலை நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. தலைவரும் துணைத் தலைவரும் சங்க வரலாற்றில் முதல் முறையாக ஒரே கருத்தைச் சொன்னார்கள். ஆரஞ்சும் பச்சையும் கைகோத்தன. இரண்டு ஒயரையும் உடனே கழற்றிவிடுவது என்று முடிவானது. அருள்ராணி அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

"நல்லாத்தான வேலை செஞ்சுது" என்றார் அவர். "என்னாங்க கோளாறு?"

"எல்லாருக்கும் தெரியுதுங்க" என்றேன்.